நிறத்தைப் பதிந்த ஏடு
தென்னாப்பிரிக்காவும் அதன் மக்களும்

1966ஆம் ஆண்டு. தென்னாப்பிரிக்காவின் கிழக்கே பீட் ரெட்டீஃப் என்றொரு சிற்றூர். அவ்வூரில் வெள்ளையர் பிள்ளைகளுக்கென்று இருந்த பள்ளியின் போர்டிங்கில் தங்கிப் படித்துவந்த பத்து வயதுச் சிறுமி ஒருத்தியை ஒரு நாள் தலைமையாசிரியர் அழைத்தார். அவளை வீட்டில் கொண்டுபோய் விட இரண்டு போலீஸ்காரர்கள் வந்திருந்தனர். இனி நீ இங்கே படிக்க முடியாது என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டார்கள்.

அச்சிறுமி திருடவில்லை. பரீட்சையில் தோற்கவும் இல்லை. அவளுடைய தோல் சற்றே பழுப்பு நிறம், தலைமுடி சுருட்டை. அவ்வளவுதான் குற்றம். அவளுடைய தாயும் தந்தையும் வெள்ளையர். தாத்தா பாட்டிமாரும் வெள்ளையர். நாட்டை ஆண்ட கட்சிக்கே வாக்களித்து வந்த குடும்பம் அது. ஆயினும் உடன் படித்த பிள்ளைகளின் பெற்றோர் முறையிட்டனர். அரசு அதிகாரிகள் வந்து பார்த்தனர். ‘வெள்ளையர்’ என்று இருந்த அவளுடைய பதிவை ‘கலப்பினத்தவர்’ என்று மாற்றி எழுதினர். அன்றுமுதல் சட்டப்படி அவள் தன் சொந்தத் தாய் தந்தையரைச் சேர்ந்த இனத்தவள் அல்லள்!

மாணவிகளே, நம் பள்ளியிலும் வருகைப் பதிவேடு உண்டு. அதில் உங்கள் பெயரும் எண்ணும் இருக்கும். உங்கள் வாழ்க்கை முழுவதையும், நீங்கள் எங்கே குடியிருக்கலாம், எந்தப் பள்ளியில் படிக்கலாம், எந்த ரயில் பெட்டியில் ஏறலாம், யாரை மணக்கலாம் என்பதையெல்லாம் தீர்மானிக்கின்ற ஒரு பதிவேட்டை எண்ணிப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் 1950 முதல் 1991 வரை அப்படி ஒன்று இருந்தது. ‘மக்கள் பதிவுச் சட்டம்’ என்பது அதைக் கொண்டுவந்த சட்டத்தின் பெயர். நாட்டில் உள்ள ஒவ்வொருவரும் வெள்ளையர், கறுப்பர், கலப்பினத்தவர் என்னும் பிரிவுகளில் ஒன்றில் எழுதப்பட்டனர். இந்தியர் தனிப் பிரிவாயினர்.

யார் வெள்ளையர் என்பதற்கு அச்சட்டம் சொன்ன விளக்கம் வேடிக்கையானது. பார்வைக்கு வெள்ளையராகத் தெரிபவரும், வெள்ளையர் என்று பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்டவருமே வெள்ளையர். அறிவியல் இல்லை, அளவுகோல் இல்லை. ஐயம் வந்தால் அதிகாரிகள் நகத்தையும் மூக்கையும் பார்த்தனர். தலைமுடியில் ஒரு பென்சிலைச் செருகி, தலையை ஆட்டச் சொல்வதும் உண்டு. பென்சில் கீழே விழுந்தால் ஒரு இனம். முடியில் சிக்கி நின்றால் வேறு இனம். ஒரே வீட்டில் அண்ணன் ஒரு பிரிவிலும் தம்பி ஒரு பிரிவிலும் எழுதப்பட்ட கொடுமையும் நடந்தது. 1980களில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோரின் இனம் அரசாணையால் மாறியது. சீனர் ‘வெள்ளையர் அல்லாதோர்’. ஆனால் வியாபாரத்துக்காக வந்த ஜப்பானியருக்கு ‘கௌரவ வெள்ளையர்’ என்ற பட்டம் கிடைத்தது! இரும்பும் நிலக்கரியும் வாங்கும் வாடிக்கையாளர் மனம் நோகலாகாதல்லவா?

இப்படிக் கோடு போட்டுப் பிரிக்கப்பட்ட மக்கள் உண்மையில் யார்? அதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். ஏனெனில் அந்நாட்டுப் பள்ளிகளில் நெடுங்காலம் கற்பிக்கப்பட்ட சரித்திரம் பொய்யானது. வெள்ளையர் வந்து இறங்கிய காலத்தில்தான் கறுப்பரும் வடக்கிலிருந்து வந்தார்கள்; நாடு வெறுமையாகக் கிடந்தது; ஆகவே இருவருக்கும் உரிமை ஒன்றே என்று பாடநூல்கள் கூறின.

நாடு வெறுமையாக இருக்கவே இல்லை. வேட்டையாடி வாழ்ந்த சான் மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளாக அங்கே வாழ்ந்தவர்கள். அவர்கள் பாறைகளில் தீட்டிய மான் ஓவியங்கள் இன்றும் டிராக்கன்ஸ்பர்க் மலைகளில் உள்ளன. ஆடுமாடு மேய்த்த கொய்கொய் மக்கள் அவர்களுக்குப் பின் பரவினர். இரும்பு உருக்கவும் பயிர் செய்யவும் அறிந்த பாண்டு மொழியினர் ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டனர். இன்றைய ஜூலு, கோசா, சோத்தோ, ட்ஸ்வானா மக்கள் இவர்களின் வழிவந்தோர். லிம்போப்போ ஆற்றின் கரையில் மாப்புங்குப்வே என்ற குன்றில் 13ஆம் நூற்றாண்டில் ஓர் அரசு செழித்திருந்தது. இந்தியப் பெருங்கடல் வழியாக வந்த கண்ணாடி மணிகளும் சீனப் பீங்கானும் அங்கே கிடைத்துள்ளன. பொன் தகட்டால் செய்த சிறிய காண்டாமிருகம் ஒன்றும் அரச கல்லறையில் கிடைத்தது. 1930களில் கண்டெடுக்கப்பட்ட அப்பொற்சிலையைப் பற்றி அந்நாட்டுக் கறுப்புப் பிள்ளைகளின் பாடநூலில் ஒரு வரியும் இல்லை. சொன்னால் ‘வெறும் நிலம்’ என்ற கதை என்னாவது?

1488இல் போர்ச்சுகீசிய மாலுமி பார்த்தலோமியோ டயஸ் தென்முனையைச் சுற்றினார். 1497ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில் வாஸ்கோடகாமா கிழக்குக் கரையைக் கடந்தார். கிறிஸ்து பிறப்பை நினைந்து அக்கரைக்கு நத்தால் என்று பெயரிட்டார். அவர்கள் நிற்கவில்லை, இந்தியாவைத் தேடிப் போய்விட்டனர். நிலைத்துத் தங்கியவர்கள் டச்சுக்காரர்களே. 1652 ஏப்ரல் 6ஆம் நாள் யான் வான் ரீபெக் கேப் முனையில் இறங்கினார். கப்பல்களுக்குக் காய்கறியும் தண்ணீரும் இறைச்சியும் கொடுக்க ஒரு தோட்டம் போடுவதே அவர் வந்த வேலை. தோட்டம் பண்ணைகளாயிற்று, பண்ணைகளுக்காகக் கொய்கொய் மக்களின் மேய்ச்சல் நிலம் பறிபோயிற்று, வேலைக்கு அடிமைகள் கொண்டுவரப்பட்டனர். எங்கிருந்து? மடகாஸ்கர், மொசாம்பிக், இன்றைய இந்தோனேசியாவின் தீவுகள், வங்காளம், மலையாளக் கரை, நமது சோழமண்டலக் கரை. ஆம், 1860க்கு வெகுமுன்பே நம் கரையிலிருந்து மக்கள் விலைப்பொருளாக அங்கே போயிருக்கிறார்கள்.

வங்காளத்துப் பெண்ணான ஆஞ்செலா அவர்களுள் ஒருவர். வான் ரீபெக்கின் வீட்டிலேயே அடிமையாக இருந்தவர் இவர். 1666இல் விடுதலை பெற்று, 1669இல் ஐரோப்பியர் ஒருவரை மணந்தார். இவருடைய வழித்தோன்றல்கள் இன்று ‘சுத்த வெள்ளையர்’ என்று பெருமை பேசிய பல குடும்பங்களில் பரவியிருக்கின்றனர். பீட் ரெட்டீஃப் சிறுமியின் சுருட்டைமுடி எந்தப் பாட்டியிடமிருந்து வந்தது என்று யாரால் சொல்ல முடியும்? மூன்று நூற்றாண்டுகளாகக் கலந்த இரத்தத்தை 1950இல் பேனாவால் பிரிக்கப் புறப்பட்டார்கள்.

ஆங்கிலேயர் வந்ததும், 1834இல் அடிமை முறை ஒழிந்ததும், டச்சு வழிவந்த போயர்கள் கோபித்துக்கொண்டு மாட்டு வண்டிகளில் உள்நாட்டுக்குச் சென்றதும், அங்கே குடியரசுகளை அமைத்ததும் நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். நாட்டின் தலையெழுத்தை மாற்றியது வேறு. 1867இல் வைரம், 1886இல் ஜோஹன்னஸ்பர்க் பகுதியில் தங்கம். தங்கம் ஆழத்தில், பாறைக்குள் துகள்துகளாகக் கிடந்தது. அதை எடுக்கப் பல லட்சம் கைகள் வேண்டும். கூலியோ குறைவாக இருக்க வேண்டும். தன் நிலத்தில் சோளம் விளைவித்து உண்ணும் குடியானவன் எதற்காகச் சுரங்கத்துக்குள் இறங்குவான்? ஆகவே குடிசைக்கு வரி போட்டார்கள். வரியைப் பணமாகவே கட்ட வேண்டும் என்றார்கள். பிறகு நிலத்தையே எடுத்துக்கொண்டார்கள். 1913ஆம் ஆண்டு நிலச் சட்டம் நாட்டின் நிலத்தில் சுமார் 7 விழுக்காட்டைப் பெரும்பான்மையரான கறுப்பருக்கு ஒதுக்கியது. 1936இல் அது சுமார் 13 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. ஆண்கள் குடும்பத்தை விட்டுச் சுரங்க விடுதிகளில் அடைந்தனர். நிறவெறி என்பது மனத்தில் பிறந்த வெறுப்பு மட்டுமே என்று எண்ண வேண்டாம். அதற்கு ஒரு கணக்குப் புத்தகமும் இருந்தது.

தமிழர் அங்கே சென்றதும் அதே கணக்கினால்தான். நத்தாலின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலியாட்கள் தேவைப்பட்டனர். சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16ஆம் நாள் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911க்குள் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர். அவர்களுள் பெரும்பாலோர் சென்னையில் கப்பலேறிய தமிழரும் தெலுங்கருமே. அவர்களிடையே கிறிஸ்தவரும் இருந்தனர். டர்பனில் பணியாற்றிய சபோன் என்ற பிரெஞ்சுக் குரு இம்மக்களுக்காகவே தமிழ் கற்றுக்கொண்டார்.

ஒப்பந்தம் முடிந்து அங்கேயே தங்க விரும்பியவர்கள் மீது 1895ஆம் ஆண்டுச் சட்டம் தலைக்கு 3 பவுன் வரி விதித்தது. 1913இல் வேறொரு இடி விழுந்தது. கிறிஸ்தவ முறைப்படி நடவாத திருமணங்கள் செல்லா என்று நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. நம் சமயத்தின் பெயரைச் சொல்லியே பிறர் மனைவியரை மனைவியர் அல்லர் என்று ஆக்கிய அத்தீர்ப்பைப் படிக்கையில் எனக்கு வெட்கமாக இருக்கிறது. காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்தில் பெண்கள் இறங்கியது அப்போதுதான். டிரான்ஸ்வால் தமிழ்ப் பெண்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு நடந்து சென்று தொழிலாளரிடம் பேசினர், வேலைநிறுத்தம் தொடங்கியது. ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்த தில்லையாடி வள்ளியம்மை மூன்று மாதக் கடுங்காவல் பெற்றுக் காய்ச்சலோடு வெளிவந்து, 1914 பிப்ரவரி 22ஆம் நாள் இறந்தார். வயது பதினாறு. நம் பதினொன்றாம் வகுப்பு மாணவியரின் வயது. அவ்வாண்டிலேயே 3 பவுன் வரி நீக்கப்பட்டது, திருமணங்களும் ஏற்கப்பட்டன.

ஆகவே 1948இல் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தபோது வேற்றுமை புதிதல்ல. புதிதாக வந்தது அதன் முழுமை. ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் ‘அபார்த்தைட்’ என்றால் பிரிந்திருத்தல். 1949இல் கலப்புத் திருமணத் தடை. 1950இல் மக்கள் பதிவு. அதே ஆண்டில் எந்த இனத்தார் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்று வரையறுத்த பகுதிச் சட்டம். 1953இல் பொது இடங்களைப் பிரிக்கும் சட்டம். பூங்காவின் பெஞ்சு, தபால் நிலையத்தின் ஜன்னல், கடற்கரை, ஆம்புலன்ஸ், கல்லறை எல்லாமே தனித்தனி. கேப்டவுனில் ‘டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்’ என்ற பகுதியில் பல இனத்தாரும் பல தலைமுறைகளாக ஒன்றாக வாழ்ந்தனர். 1966இல் அது வெள்ளையர் பகுதி என்று அறிவிக்கப்பட்டது. 60,000க்கும் மேற்பட்டோர் அப்புறப்படுத்தப்பட்டனர், வீடுகள் இடிக்கப்பட்டன. கோயில்களை மட்டும் இடிக்கவில்லை. வீடுகள் இல்லாத வெட்டவெளியில் அவை தனியே நின்றன.

கறுப்பர் பதினாறு வயதானால் எப்போதும் ‘பாஸ்’ புத்தகம் வைத்திருக்க வேண்டும். நகரத்தில் இருக்க அனுமதி உண்டா, யாரிடம் வேலை என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். வீட்டில் மறந்து வைத்துவிட்டுக் கடைக்குப் போனாலும் சிறை. ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் இதற்காகக் கைதாயினர். பெண்களுக்கும் பாஸ் என்று அரசு அறிவித்தபோது, 1956 ஆகஸ்டு 9ஆம் நாள், சுமார் 20,000 பெண்கள் பிரிட்டோரியாவின் அரசு மாளிகை முன் கூடினர். லிலியன் இங்கோயி, ஹெலன் ஜோசப், ரஹீமா மூசா, சோஃபியா வில்லியம்ஸ் ஆகிய நால்வர் முன்னின்றனர். ஒருவர் கறுப்பர், ஒருவர் வெள்ளையர், ஒருவர் இந்தியர், ஒருவர் கலப்பினத்தவர். பதிவேட்டின் எல்லாப் பிரிவுகளும் ஒரே வரிசையில் நடந்தன! மனுக்களை வைத்துவிட்டு அரை மணி நேரம் பேசாமல் நின்றார்கள். குழந்தைகளை முதுகில் கட்டியிருந்தவர்களும் அவர்களில் உண்டு. 1960 மார்ச் 21ஆம் நாள் ஷார்ப்வில்லில் பாஸ் சட்டத்தை எதிர்த்துக் கூடியவர்கள் மீது போலீசார் சுட்டனர். அரசுக் கணக்கின்படி 69 பேர் இறந்தனர். பலர் முதுகில் குண்டு பட்டவர்கள். மண்டேலா ஆயுள் சிறை பெற்றது 1964இல்.

இனிப் பள்ளிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நமக்கு மிக நெருங்கிய பகுதி இதுவே.

1953 வரை கறுப்புப் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுத்தவை பெரும்பாலும் மிஷன் பள்ளிகள். அவ்வாண்டில் வந்த ‘பாண்டு கல்விச் சட்டம்’ அவற்றை அரசின் கையில் கொண்டுவந்தது. அதைக் கொண்டுவந்த அமைச்சர் ஃபெர்வூர்ட், நடைமுறையில் பயன்படுத்த வழியில்லாத பிள்ளைக்குக் கணிதம் எதற்கு என்று நாடாளுமன்றத்திலேயே கேட்டவர். 1970களின் நடுவில் அரசு ஆண்டுக்கு ஒரு வெள்ளை மாணவருக்குச் செலவிட்டது 644 ராண்ட். கறுப்பு மாணவருக்கு 42 ராண்ட்.

மிஷன்களுக்கு அரசு இரண்டு வழிகளே விட்டது: பள்ளியை ஒப்படையுங்கள், அல்லது மானியம் இன்றி நடத்திக்கொள்ளுங்கள். பலர் ஒப்படைத்தனர். சிலர் மூடினர். கத்தோலிக்க ஆயர்கள் விடமாட்டோம் என்று நிதி திரட்டினர். குறைந்த சம்பளத்தில் ஆசிரியர்களும் கன்னியரும் நின்றனர். பிற்காலத்தில் கறுப்பர் விழிப்புணர்வின் தலைவராகி 1977இல் போலீஸ் காவலில் உயிரிழந்த ஸ்டீவ் பீக்கோ, டர்பனுக்கு அருகே மரியன்ஹில் புனித பிரான்சிஸ் பள்ளியில் படித்தவர்.

இதை மட்டும் எழுதி நிறுத்தினால் நம்மைப் பற்றிப் பெருமையாக இருக்கும். ஆனால் முழுவதும் சொல்ல வேண்டும். 1957இல் தென்னாப்பிரிக்க ஆயர்கள் நிற ஒதுக்கல் தன் இயல்பிலேயே தீயது என்று துணிவோடு அறிவித்தனர். அதே அறிக்கையில் இன்னொன்றையும் ஒப்புக்கொண்டனர்: நம்முடைய பள்ளிகளிலும் குருமடங்களிலும் கன்னியர் மடங்களிலும் மருத்துவமனைகளிலும் இதே பிரிவினை நடக்கிறது. உண்மைதான். கட்டணம் வாங்கும் அழகான கான்வென்ட் பள்ளி வெள்ளைப் பிள்ளைகளுக்கு. மிஷன் பள்ளி கறுப்புப் பிள்ளைகளுக்கு. ஒரே சபைக் கன்னியர் இரண்டையும் நடத்தினர். அவர்கள் தீயவர்கள் அல்லர். சட்டத்துக்கு அடங்கி, கிடைத்த இடத்தில் நன்மை செய்தவர்கள். ஆனால் அந்த அறிக்கைக்கும் கான்வென்ட் கதவு திறந்ததற்கும் இடையே பத்தொன்பது ஆண்டுகள் சென்றன. அவ்வளவு காலத்தில் ஒரு குழந்தை பிறந்து, வளர்ந்து, பள்ளிப் படிப்பையே முடித்துவிடும்.

1976 ஜனவரியில் கன்னியர் நடத்திய சில பள்ளிகள் சட்டத்தை மீறி, கறுப்பு, கலப்பின, இந்தியப் பிள்ளைகளை வெள்ளையர் பள்ளியில் சேர்த்துக்கொண்டன. பள்ளியின் பதிவை ரத்து செய்வோம் என்று அரசு மிரட்டியது. கன்னியர் பிள்ளைகளை வெளியே அனுப்பவில்லை. பேரம் பேசியும் அனுமதிச் சீட்டு கேட்டும் அரசு இழுத்தடித்தது. மெல்ல மெல்லப் பார்த்தும் பாராததுபோல் விட்டது. அரசு நடத்திய வெள்ளையர் பள்ளிகளின் கதவு திறக்க 1990களின் தொடக்கம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அதே 1976இல் ஜூன் 16ஆம் நாள் சொவேட்டோ மாணவர் எழுந்தனர். கணிதத்தையும் சமூக பாடங்களையும் ஆப்பிரிக்கான்ஸ் மொழியிலேயே படிக்க வேண்டும் என்ற ஆணைதான் உடனடிக் காரணம். ஆசிரியருக்கே சரியாகத் தெரியாத மொழியில் கணக்குப் பாடம்! சீருடையோடு ஊர்வலம் வந்த பிள்ளைகள் மீது போலீசார் சுட்டனர். ஹெக்டர் பீட்டர்சன் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவனை ஓர் இளைஞர் கைகளில் ஏந்தி ஓட, அவனுடைய அக்காள் பள்ளிச் சீருடையில் கதறிக்கொண்டு கூடவே ஓடும் புகைப்படம் உலகெங்கும் சென்றது. மாணவர் பலர் ரெஜீனா முண்டி ஆலயத்துக்குள் ஓடிப் புகுந்தனர். போலீசார் ஆலயத்துக்குள்ளும் வந்து சுட்டனர். கூரையில் உள்ள குண்டுத் துளைகளையும் உடைந்த பீடத்தின் மூலையையும் இன்றும் காணலாம். அவ்வாண்டு முடிவதற்குள் நாடெங்கும் நூற்றுக்கணக்கானோர் மடிந்தனர்.

இந்தியா அந்நாட்டோடு வாணிகத்தை 1946இலேயே முறித்துக்கொண்டது. நம் பெற்றோரின் பழைய பாஸ்போர்ட்டுகளில் தென்னாப்பிரிக்காவுக்குச் செல்லாது என்ற குறிப்பைப் பார்த்திருக்கலாம். 1974இல் டேவிஸ் கோப்பை இறுதி ஆட்டத்தில் இந்தியா சந்திக்க வேண்டியது தென்னாப்பிரிக்காவை. நம் சென்னையின் அமிர்தராஜ் சகோதரர்கள் ஆடிய அணி அது. ஆட மறுத்துக் கோப்பையை விட்டுக்கொடுத்தது இந்தியா. விளையாட்டுப் பிரியர்களான நம் மாணவிகள் இதைத் தியாகம் என்பார்களா, நஷ்டம் என்பார்களா என்று கேட்டுப் பார்க்க ஆசை.

வெளியிலிருந்து வந்த நெருக்குதலும் உள்ளே ஓயாத போராட்டமும் சேர்ந்து சட்டங்களைத் தளர்த்தின. 1985இல் திருமணத் தடையும் 1986இல் பாஸ் சட்டங்களும் நீங்கின. 1990 பிப்ரவரி 11ஆம் நாள், 27 ஆண்டுச் சிறைக்குப் பின் மண்டேலா வெளியே வந்தார். மக்கள் பதிவுச் சட்டம் 1991இல் ரத்தாயிற்று. அதன்பின் நடந்த பேச்சுவார்த்தைக் காலம் அமைதியானதன்று. ஆயிரக்கணக்கானோர் கலவரங்களில் மாண்டனர். ஆயினும் 1994 ஏப்ரல் இறுதியில் எல்லா இனத்தாரும் முதன்முதலாக ஒன்றாக வாக்களித்தனர். கிலோமீட்டர் கணக்கில் வரிசை. எஜமானியும் வேலைக்காரியும் அதே வரிசையில். மண்டேலா தம் முதல் வாக்கைப் போட்ட இடம் ஒரு பள்ளிக்கூடம். டர்பனுக்கு அருகே இனாண்டாவில் ஜான் டூபே நிறுவிய ஓலாங்கே பள்ளி அது. டூபேயே 1912இல் தொடங்கிய ஆப்பிரிக்க தேசிய காங்கிரசின் முதல் தலைவர். காந்தியடிகளின் பீனிக்ஸ் குடியிருப்பு அங்கிருந்து வெகு தூரமில்லை.

பழிவாங்கவில்லை, மறக்கவும் இல்லை. பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவின் தலைமையில் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 1996 முதல் விசாரணை நடத்தியது. செய்த குற்றத்தை முழுமையாகச் சொன்னால் மன்னிப்புக் கோரலாம். 7,000க்கும் மேற்பட்டோர் கோரினர். கிடைத்தது 849 பேருக்கே. மன்னிப்பு மலிவாக வழங்கப்பட்டது என்று சொல்பவர்கள் இக்கணக்கைப் பார்க்க வேண்டும். ஆனால் மன்னிப்புக் கேட்காமலேயே இருந்துவிட்ட பலர் மீது வழக்கும் தொடரப்படவில்லை என்பது இறந்தவர்களின் குடும்பத்தாருக்கு இன்றும் ஆறாத குறை.

பின்பு என்ன ஆயிற்று? வாக்குரிமை, பேச்சுரிமை, அச்சமின்றித் தெருவில் நடக்கும் உரிமை வந்தன. லட்சக்கணக்கான வீடுகளும் மின்விளக்கும் குழாய்த் தண்ணீரும் வந்தன. நிலம் பெரும்பாலும் கைமாறவில்லை. 2017ஆம் ஆண்டு அரசுக் கணக்கெடுப்பின்படி, தனிநபர் பெயரில் உள்ள பண்ணை நிலத்தில் 72 விழுக்காடு வெள்ளையரிடம் இருந்தது. 2022 மக்கள்தொகைக் கணக்கில் அவர்கள் 7.3 விழுக்காடுதான். பழைய வெள்ளையர் பகுதியில் உள்ள பள்ளிகள் எல்லாருக்கும் திறந்தவை. ஆனால் கட்டணம் உண்டு. கிராமத்துப் பள்ளிகளின் நிலை வேறு. 2014இல் லிம்போப்போ மாநிலத்தில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் பள்ளியின் குழிக் கழிப்பறைக்குள் விழுந்து இறந்தான். ஆட்சியிலிருந்தோரின் ஊழலும் ஏழைகளின் பங்கை அரித்தது. 2024 தேர்தலில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் முதன்முறையாகப் பெரும்பான்மை இழந்து பிற கட்சிகளோடு சேர்ந்து ஆட்சி அமைத்தது.

1996ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில், போற்றி வளர்க்கப்பட வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழும் பெயரோடு இருக்கிறது. கரும்பு வெட்டப் போனவர்களின் மொழி! மகிழ வேண்டிய செய்திதான். எனினும் 2021 ஜூலையில் டர்பன் பகுதியில் கடைகள் சூறையாடப்பட்டபோது, பீனிக்ஸ் என்ற ஊரில் இந்தியர் சிலர் துப்பாக்கியோடு சாலைகளை மறித்தனர். அங்கே முப்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர், பெரும்பாலோர் கறுப்பர். அந்த ஊரே பகுதிச் சட்டத்தின்படி இந்தியருக்கென்று கட்டப்பட்டது. அடுத்த ஊர்கள் கறுப்பருக்கு. சட்டம் செத்து முப்பது ஆண்டுகள் ஆகியும் தெருக்கள் அப்படியே இருந்தன.

அந்தச் சிறுமியை மறந்துவிடவில்லை. அவள் எங்கள் மகளே என்று தந்தை நீதிமன்றம் வரை போராடினார். 1967இல் சட்டத்தையே திருத்தினார்கள். அவள் மறுபடியும் ‘வெள்ளை’ ஆனாள். ஆனால் ஊர் அவளை ஏற்கவில்லை. வளர்ந்ததும் கறுப்பர் ஒருவரோடு வீட்டைவிட்டுப் போனாள். மகளுக்காகச் சட்டத்தோடு போராடிய அதே தந்தை அதைப் பொறுக்கவில்லை. அவளை மீண்டும் பார்க்கவே இல்லை. பிறந்த பிள்ளைகள் தன்னோடு இருப்பதற்காக, தன்னை மறுபடியும் ‘கலப்பினத்தவர்’ என்று எழுதும்படி அவளே விண்ணப்பிக்க நேர்ந்தது.

2000ஆம் ஆண்டில், முதியோர் இல்லம் ஒன்றில் அவர் தம் தாயைக் கண்டுபிடித்தார். தந்தை முன்பே இறந்துவிட்டார். பதிவேடும் ரத்தாகி ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. தாயும் மகளும் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள். சகோதரர்கள் மட்டும் அவரைப் பார்க்க வரவில்லை.